நாலு புஷ், நாலு பசை

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவர் வாத்தியார் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிதான்.

"ஏங்க, கீழ ஏதோ தட்டுதே?"

"ரோடு அப்படி" என்றார் வாத்தியார்.

ரோடு அப்படித்தான். திருவண்ணாமலையில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மழமழவென்று தார் போட்ட இடத்திலும் 'டொக்' கேட்டது. பிரேக்கை அழுத்தினால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்தது. ஒரு வாரம் அதை 'காற்று கம்மி' என்றார். அடுத்த வாரம் 'பழைய டயர்' என்றார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே மாருதி 800-ஐ ஓட்டுகிறவருக்கு, வண்டியில் ஒரு கோளாறு என்று ஒப்புக்கொள்வது சொந்தக்காரரைப் பற்றிக் குறை சொல்வது மாதிரி.

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். 2001-ல் லோன் போட்டு வாங்கிய கார். 1983-ல் முதல் வண்டியைக் கொடுத்த அந்த மாடலை 2014-ல் நிறுத்திவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் மகன் ஒவ்வொரு பொங்கலுக்கும், "வித்துடுங்கப்பா, ஆப்ல புக் பண்ணா டாக்ஸி வாசலுக்கே வருது" என்று சொல்லிவிட்டுப் போவான். அவர் பதில் சொல்ல மாட்டார். போன தடவை மட்டும், "இது ஓடாத அன்னிக்கு விக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அதனால்தான் இப்போது இந்த 'டொக்' அவரை அந்தப் பாடு படுத்தியது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். திங்கட்கிழமை காலை வேலூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். போளூர், கண்ணமங்கலம் வழியாக எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு குழியும் அந்த அம்மாவின் முதுகில்தான் போய் முடியும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை வேட்டவலம் சாலையில் இருக்கும் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் அவருடைய பழைய மாணவர். ஒன்பதாம் வகுப்பில் நெம்புகோல் பாடத்தை ஒப்பிக்க முடியாமல் பெஞ்சு மேல் நின்றவர். இன்று அந்த நெம்புகோலைத்தான் முன் சக்கரத்துக்குக் கீழே கொடுத்து அசைத்துப் பார்த்தார். இரும்புக் கை அரை விரல் அளவு நகர்ந்தது.

"சார், லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு. இங்க பாருங்க."

சக்கரத்தையும் வண்டியின் உடம்பையும் சேர்த்துப் பிடிக்கும் கைதான் அந்த ஆர்ம். உடம்போடு சேரும் மூட்டில் ஒரு ரப்பர் உருளை. வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே போல்ட் நுழைய ஒரு சின்னக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். நம் முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு செய்யும் வேலை அதற்கு. சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கி, திரும்பி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வாத்தியாரின் வண்டியில் ரப்பர் உள் குழாயை விட்டுப் பாதி வட்டத்துக்கு விலகியிருந்தது. மீதிப் பாதியில் பாதம் வெடித்த மாதிரி வெடிப்பு.

"மாத்திடலாம் சார். ஆனா கடையில ஸ்டாக் இல்ல. சென்னையில இருந்து வரணும். இன்னிக்குச் சொன்னா செவ்வாய்க்கிழமை."

"திங்கக்கிழமை வேலூர் போகணுமேப்பா."

"நாளைக்குப் பௌர்ணமி வேற. உங்க தெருவுல இருந்து வண்டியையே வெளிய எடுக்க முடியாது."

அது சரி. வாத்தியார் வீடு செங்கம் சாலையை ஒட்டிய தெருவில். பௌர்ணமி என்றால் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைதான்.

வாத்தியார் கொஞ்ச நேரம் அந்த வெடிப்பையே பார்த்தார். பிறகு கேட்டார்: "விட்டுப்போனதுதானே? ஒட்டினா என்ன? ரப்பருக்கு எந்தப் பசை நல்லது?"

"எந்தப் பசையும் இல்ல சார்."

"பசையே இல்லாம பஞ்சர் எப்படிடா ஒட்டறாங்க?"

நாற்பது வயதைத் தாண்டியவரை 'டா' போட்டது அங்கிருந்த பையன்களுக்கு வேடிக்கையாக இருந்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. வேலை கற்றுக்கொண்ட காலத்தில் தானும் ஒரு புஷ்ஷை ஒட்டிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். வண்டிக்காரர் காசு இல்லை என்றார். இவர் பஞ்சர் சொல்யூஷனைத் தடவி, டியூப் துண்டு சுற்றி, இறுக்கி அனுப்பினார். செங்கம் தாண்டுவதற்குள் வண்டி கயிறு கட்டித் திரும்பி வந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

"அன்னிக்கு விட்டேன் சார் அந்த வேலைய."

கேட்டுவிட்டு வாத்தியார் சும்மா வந்திருக்கலாம். ஆனால் முப்பது வருடம் 'செய்து பார்' என்று கரும்பலகையில் எழுதியவர். ஷெட் மூலையில் இருந்த பழைய இரும்பு டப்பாவைக் கிளறி, கழற்றிப் போட்ட புஷ்களில் நாலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் மூன்று பசை. கண்ணாடி மாட்டும் தெரிந்த ஆளிடம், முன்பக்கக் கண்ணாடியை பாடியோடு ஒட்டுகிற கறுப்புப் பசையில் மிச்சம் இருந்த குழல் ஒன்று.

அன்று மாலை மொட்டை மாடி ஆய்வுக்கூடமானது.

நாலு புஷ்ஷையும் எமரித்தாளால் நன்றாகத் தேய்த்தார். இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரப்பரில் வெடிப்பு வராமல் இருக்கத் தயாரிப்பவர்கள் ஒரு வகை மெழுகைக் கலப்பார்கள். அது மெல்ல மெல்ல மேலே கசிந்து தோல் மாதிரி படிந்து, காற்றிலுள்ள ஓசோனிலிருந்து ரப்பரைக் காப்பாற்றும். அதே மெழுகுதான் பசையையும் ஒட்டவிடாது. பஞ்சர் கடைக்காரர் பேட்ச் வைப்பதற்கு முன் டியூபை அரம் வைத்துத் தேய்ப்பது அழுக்கு போவதற்கு மட்டும் இல்லை.

முதல் புஷ்ஷுக்கு நொடியில் ஒட்டும் பசை. 1942-ல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவரின் குழு அதன் மூலப்பொருளைக் கண்டது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். 1951-ல்தான் 'அட, இதுவே பசையாச்சே' என்று புரிந்தது. 1958-ல் கடைக்கு வந்தது. காற்றில் உள்ள ஈரமே அதை இறுக வைக்கும். ஈரம் விரலிலும் உண்டு என்பதை வாத்தியார் மறந்துவிட்டார். கட்டை விரல் புஷ்ஷோடு போய் ஒட்டிக்கொண்டது. மனைவி மாடிப்படி ஏற முடியாமல் கீழிருந்தே, "இழுக்காதீங்க, தோல் பிஞ்சுடும்! வெந்நீர்ல சோப்பு போட்டு ஊற வைங்க" என்று குரல் கொடுத்தார். ஊற வைத்ததும் விட்டது.

இரண்டாவது, இரண்டு டியூபிலிருந்து சம அளவு எடுத்துக் கலக்கும் எபாக்ஸி. மூன்றாவது, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் நிற ரப்பர் பசை. இதற்கு ஒரு பொறுமை வேண்டும். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் காயவிட்டு, பிறகு ஒரே அழுத்து. ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிட்டால் உள்ளே மாட்டிய கரைப்பான் வெளியே போக வழியில்லாமல் பசையைக் கடைசிவரை காயவிடாது. வீட்டில் ஒட்டிய செருப்பு நாலாம் நாள் வாய் பிளப்பதற்குப் பாதிக் காரணம் இந்த அவசரம்தான். நாலாவது, கண்ணாடிக்காரரின் கறுப்புப் பசை. பாலியூரித்தேன். காய்ந்தபிறகும் வளையும். ஆனால் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும்.

நாலையும் வரிசையாக வைத்து, சாக்பீஸால் எண் போட்டு, பழைய பிளாஸ்டிக் கூடையால் மூடினார்.

சனிக்கிழமை முழுக்கக் கையை வைக்கவில்லை. சாயங்காலம் மலைக்குப் பின்னால் நிலா ஏறியது. தெரு முனையில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. வெறும் காலோடு நடப்பவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர்கள், அக்னி லிங்கம் வந்தாச்சா என்று கேட்பவர்கள். மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன வருடம் வரை அவரும் நடந்தவர்தான்.

"தேருக்கு மட்டும் புஷ் கிடையாது, பாருங்க" என்றார் அவர் திடீரென்று. "அவ்வளவு பெரிய தேர், ஒரு ரப்பரும் இல்ல. முட்டுக்கட்டைதான்."

"அது நடக்கற வேகத்துல போகுது. சாமிக்கு முதுகு வலியும் இல்ல."

"எனக்கு இருக்கே. என்னை நீங்க ஒட்டின புஷ்ல கூட்டிட்டுப் போகப் போறீங்களா?"

வாத்தியார் பதில் சொல்லவில்லை. அதுவரை அது ஒரு சோதனையாக மட்டும்தான் அவருக்கு இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் மாடியில் பழைய மேஜையில் இருந்த சின்ன வைஸில் புஷ்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். உள் குழாயில் போல்ட் விட்டு நட்டை இறுக்கி, நீளமான ஸ்பேனரால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று முறுக்க வேண்டியது.

நொடிப் பசை முதல் சில முறுக்குக்குச் சிங்கம் மாதிரி நின்றது. எட்டாவதில் 'டிக்'. கண்ணாடி விரிகிற சத்தம். பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சில்லு. ரப்பரை ரப்பரோடு ஒட்டுவதில் அது கெட்டிக்காரப் பசைதான். ரப்பர் வளையங்களைத் தொழிற்சாலைகளிலேயே அதை வைத்து இணைக்கிறார்கள். ஆனால் இறுகியபின் அது வளையாது. முறுக்கும் உதறலும் சூடும் அதற்கு ஆகாது.

எபாக்ஸி இன்னும் விசித்திரம். இரும்பில் சிமென்ட் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ரப்பர் பக்கம் மட்டும் தோசைக்கல்லில் இருந்து தோசை எழும்புகிற மாதிரி அப்படியே உரிந்து வந்தது. கல்லும் தசையும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் கல் மட்டும் ஜெயித்து என்ன பயன்?

செருப்புப் பசை வளைந்தது, கூடவே போனது. வாத்தியாருக்கு நம்பிக்கை வந்தது. முறுக்கிய நிலையிலேயே ஸ்பேனரில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்தார். செங்கல் தரையைத் தொட்டிருந்தது. பசை அறுந்து போகவில்லை. மெல்ல மெல்ல நழுவியிருந்தது. கார் நின்றுகொண்டிருக்கும்போதும் புஷ் மேல் பாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

நாலாவது எண்தான் அவரை யோசிக்க வைத்தது. முப்பது முறுக்கு, நாற்பது, அறுபது. கறுப்புப் பசை விடவேயில்லை. அறுபதைத் தாண்டியதும் 'சர்ர்' என்று கிழிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். பசை ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு நூல் தள்ளி, ரப்பரே கிழிந்திருந்தது.

புதுத் துணியை வைத்துப் பழைய வேட்டியை ஒட்டுப்போட்டால் தையல் நிற்கும், வேட்டி கிழியும். இதுவும் அதேதான். பசை விட்டுப்போனது நோய் இல்லை. ரப்பர் செத்துப்போனதுதான் நோய்.

ரப்பரின் கதையே சூட்டில்தான் தொடங்குகிறது. மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர் வெயிலில் உருகும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் நடக்காது என்று கண்டார். 1844-ல் காப்புரிமை வாங்கினார். (அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி 1898-ல் தொடங்கியது. 1860-ல் கடனோடு இறந்த அவருக்கு அதில் சல்லிக்காசு பங்கில்லை.) கார் புஷ்ஷில் ரப்பரும் இரும்பும் சேர்வது அந்தச் சூட்டிலேயே நடக்கிறது. இரும்பைச் சுத்தம் செய்து, அதன்மேல் தனிப் பசைப்பூச்சு பூசி, அச்சுக்குள் வைத்து, பச்சை ரப்பரை அழுத்தி வேகவைக்கிறார்கள். ரப்பர் வேகும்போதே பூச்சோடு வேதிப் பிணைப்பு உண்டாகிவிடும். டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிக்குப் பித்தளை முலாம் போடுவதும் இதே காரணத்துக்குத்தான். ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையில் இருக்கும் செம்பைப் பிடித்துக்கொள்ளும். வெந்து முடிந்த ரப்பரை மொட்டை மாடியில் உட்கார்ந்து டியூப் பசையால் மறுபடி அப்படிச் சேர்க்க முடியாது. வெந்த சோற்றை மறுபடி அரிசியாக்கி வேகவைக்கிற மாதிரி.

கீழே வந்தபோது மனைவி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நாலாவது அறுபது முறுக்கு தாங்குச்சு" என்றார் வாத்தியார், கொஞ்சம் பெருமையாக.

"வேலூர் போறதுக்குள்ள எத்தனை முறுக்கு?"

அவர் கணக்குப் போட்டார். நொடிக்கு ஒரு தடவை சக்கரம் ஏறி இறங்குகிறது என்று வைத்தாலும், இரண்டு மணி நேரத்துக்கு 7,200. திரும்பி வரவும் அதே அளவு. பேப்பரை மடித்து மேஜை மேல் வைத்தார்.

இரவு எட்டரைக்கு மெக்கானிக்குக்கு போன் போனது. "ஒட்டலப்பா" என்றார். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "பஸ்ல போறோம். எந்த சீட்ல உக்காரணும்?"

"முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல சார். கடைசி வரிசை வேணவே வேணாம், தூக்கி அடிக்கும். அம்மாவுக்கு இடுப்புக்கு ஒரு சின்னத் தலகாணி வெச்சிடுங்க."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனார்கள். மூன்றாவது, நாலாவது வரிசையில் இடம் கிடைத்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பு நன்றாகச் சேர்ந்து வருகிறது என்றார். "எப்படி டாக்டர், உள்ள ஒட்டிடுச்சா?" என்று வாத்தியார் கேட்டதும், மனைவி அவர் காலை மிதித்தார்.

செவ்வாய் மாலை பார்சல் வந்தது. புதன்கிழமை வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஷெட்டுக்குப் போனது. புஷ்ஷின் விலை சில நூறு ரூபாய். அதை உள்ளே ஏற்றுவதில்தான் வேலை. பழையதைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினார்கள். கை அடித்து, சுத்தியல் அடித்து ஏற்றினால் புதிய ரப்பர் உள்ளேயே விட்டுப்போகும். நுழைவதற்கு வழுக்கலாக ஒரு பையன் கிரீஸ் டப்பாவை எடுத்தான். மெக்கானிக் கையைத் தட்டிவிட்டார். "ரப்பருக்கு கிரீஸ் ஆகாதுடா, ஊதிடும். சோப்புத் தண்ணி கொண்டா."

அப்புறம் அவர் செய்த ஒரு காரியத்தை வாத்தியார் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். ஆர்மின் போல்ட்டைத் தளர்வாக மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டி நாலு சக்கரத்திலும் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கினார்.

"மேல தொங்கும்போதே டைட் பண்ணா என்ன ஆகும்?" என்று வாத்தியார் கேட்டார். பரீட்சைக் கேள்வி மாதிரிதான் கேட்டார்.

"சக்கரம் தொங்கற நிலையில ரப்பர் பிடிச்சுக்கும் சார். கீழ இறக்கினதும் வண்டி வெயிட்ல அது முறுக்கிக்கிட்டே நிக்கும். நின்னாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு. ஆறு மாசத்துல மறுபடி டொக். பாதிப் பேர் புஷ் மட்டம்னு கம்பெனிய திட்டுவாங்க."

வாத்தியார் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "நெம்புகோல் பாடத்துக்கு நான் உனக்கு எத்தனை மார்க் போட்டேன்?"

"நாலு சார். இருபத்தஞ்சுக்கு."

பக்கத்தில் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டு வண்டி வீட்டுக்கு வந்தது. வாங்கிய பசைகள் வீண் போகவில்லை. கதவு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் பட்டையை மஞ்சள் பசையால், இந்தத் தடவை பதினைந்து நிமிஷம் காயவிட்டு ஒட்டினார். மழைத் தண்ணீர் உள்ளே வருவது நின்றது. பாரம் தாங்காத, முறுக்காத இடம் அது. பசைக்கு ஏற்ற உத்தியோகம். பூஜை அறையில் உடைந்திருந்த விளக்குத் தட்டின் காலுக்கு எபாக்ஸி. பால் ஜாயிண்டின் ரப்பர் உறையில் ஒரு சின்னக் கிழிசல் இருந்ததை மட்டும், கை துறுதுறுத்தும், ஒட்டவில்லை. கிழிந்த உறை வழியாக மண் உள்ளே போயிருந்தால், மேலே ஒட்டுவது மண்ணை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். அதையும் மாற்றச் சொல்லிவிட்டார்.

மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது, "வண்டி எப்படிப்பா?" என்றான். "ஓடுது" என்றார் வாத்தியார்.

மறுநாள் விடியற்காலை, கூட்டம் இல்லாத கிரிவலப் பாதையில் மனைவியைக் கூட்டிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று. ஜன்னலை இறக்கிவிட்டு இரண்டு பேரும் பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். நிருதி லிங்கத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியது. 'டொக்' இல்லை. அந்த அம்மா இடுப்பில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் தலையைத் திருப்பினார்.

"ஏங்க, பின்னால டிக்கியில ஏதோ கடகடன்னு உருளுதே?"

வாத்தியார் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். சாக்பீஸ் எண் போட்ட நாலு பழைய புஷ்கள் அங்கேதான் இருந்தன.